‘காய்ந்துவிட்டதா?’ என்று கேட்காதீர்கள்

சித்தூரிலோ திருப்பதியிலோ கான்கிரீட் தெரு விரிசல் கண்டால், வெயிலைக் குறை சொல்லிக் கடந்துவிடுகிறோம். வெயிலுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதற்குத் துணைபோவது நம் புரிதலே.

தளம் போட்டதும் ‘காய்ந்துவிட்டதா?’ எனத் தமிழிலும் ‘ஆரிந்தா?’ எனத் தெலுங்கிலும் கேட்கிறோம். இரு மொழியிலும் பிழை ஒன்றே. சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. வலுப்பெறும் முன்பே ஈரம் வற்றினால் தளம் சுருங்க முனையும்; அடிநிலம் அதைப் பிடித்து நிறுத்தும்; அந்த இழுவிசையில் தளம் பிளக்கும். எளிதாகப் பரப்புவதற்கெனக் கலவையில் கூடுதல் நீர் ஊற்றினால் சுருக்கம் இன்னும் மிகும். நீர் கலவையில் அளவாகவும், இறுகிய தளத்தின் மேல் நிறைவாகவும் இருத்தல் வேண்டும்.

ஐ.எஸ். 456:2000 என்னும் இந்தியத் தர விதி, வெப்பமும் வறட்சியும் மிக்க சூழலில் குறைந்தது 10 நாள் நீராற்றச் சொல்கிறது. கலப்புச் சிமெண்ட்டாயின் 14 நாள் வரை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு இதற்குத் தடையன்று. நனைத்த கோணியும் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் ஈரத்தைக் காக்கும்.

எவ்வளவு பேணினாலும் கான்கிரீட் ஓரளவு சுருங்கும். ஆகவே உரிய இடைவெளியில், தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடு இட வேண்டும். விரிசல் அக்கோட்டின் வழியே அடங்கிவிடும்.

இவ்விரண்டையும் நேரில் சரிபார்க்காமல் மாநகராட்சிகள் ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கலாகாது. செலவாவது நம் வரிப்பணம். தெருவில் நிற்கும் நாமும் இனி, ‘ஈரம் இருக்கிறதா?’ என்று கேட்போம்.