பந்தயத்துக்கு முன் பதினைந்து நிமிடம்

வாவிக்கரையில் எந்தக் கல்லூரியின் விளையாட்டு விழாவுக்குச் சென்றாலும், கூடியிருப்போர் பெரிதும் ஆரவாரித்து மகிழ்வது பழைய மாணவர் ஓட்டத்தின்போதேயாம். கந்தோரிலிருந்து நேரே வந்தவரும், பேரப்பிள்ளையை மனைவியார் கையிற் கொடுத்துவிட்டு வந்தவரும் வெண்கோட்டில் வரிசையாக நிற்பர். ஊதல் ஒலித்ததும் எல்லோர்க்கும் இருபது வயதாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஓடிய அன்பர் ஒருவர், நாற்பது மீற்றர் தாண்டுமுன், பின்னாலிருந்து எவரோ கல்லால் எறிந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தார். எறிந்தவர் எவருமிலர். குதிகாலின் பின்னுள்ள தசைநாண் அறுந்திருந்தது. படுவான்கரையிலே வேளாண்மை செய்விக்கும் அவர் அந்தப் போகத்தில் வயலில் இறங்கவேயில்லை. அவ்வோட்டத்தை ஒழுங்குசெய்தோருள் நாமும் ஒருவராதலின், இதனை எழுதும் கடமை எமக்குண்டு.

அன்று மாணவர்களுக்கு அப்படியொரு குறையும் நேரவில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் ஆசிரியர் அவர்களை மெல்ல ஓடச் செய்து உடலைச் சூடேற்றினார். வேலியோரம் நின்ற நாமோ, "நல்லாச் சூடாகிக்கொண்டு ஓடு தம்பி" என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம்! பிறரை ஆயத்தப்படுத்துவோர் தம்மை மறந்துவிடுவது எங்கும் காணும் வழக்கம்போலும். 1978இல் இலண்டனிலே கிறஃப்ற்ஸ் என்னும் நாய்க்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டற் போட்டியைப் பின்பற்றி, நாய்கள் தடை தாண்டும் விளையாட்டொன்றை முதன்முதற் காட்டினர். அஜிலிற்றி எனப்படும் அது இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. நாய் பாய்ந்தோட, அதனை நடத்துபவர் பக்கத்தே ஓடி, சடுதியாக நின்று, திரும்பி, மீண்டும் விரைந்து வழிகாட்டல் வேண்டும். அவருடைய கணுக்காலும் முழங்காலும் படும் பாடு சிறிதன்று. ஆயினும் நாயை நடத்தி, ஓட்டி, சிறு தடைகளிற் பாயவிட்டு ஆயத்தஞ்செய்யும் அவர், தாம் மட்டும் கதிரையிலிருந்து எழுந்தபடியே களத்தில் இறங்கிவிடுவதுண்டு. அதற்கு மருந்து எளியது: நாயைச் சூடேற்றும்போது தாமும் உடன் ஓடுதல். நாமும் அன்று மாணவரோடு மைதானத்தை இருமுறை சுற்றிவந்திருக்கலாம்.

"கச்சான் காற்று அனலாய் வீசும் எமது ஊரில் உடலை வேறு சூடேற்றவேண்டுமோ?" என்று கேட்பாருளர். வெயில் தோலைச் சுடும். தசையின் உள்வெப்பத்தை உயர்த்துவது பெரும்பாலும் அத்தசையின் உழைப்பே. அவ்வாறு வெம்மையுற்ற தசை விரைந்து சுருங்கி விரிகிறது. அதற்குச் செல்லும் இரத்தமும் பெருகுகிறது. கச்சான் நாளில் இதனை நிழலிற் செய்து, இடையிடையே நீர் அருந்தினாற் போதும்.

கொம்புமுறியில் வடசேரி தென்சேரி என்று பிரிந்து இழுத்த எமது முன்னோர் எந்தப் பயிற்சியைச் செய்தனர் என்ற வினாவும் எழும். அவர்கள் நாள்தோறும் மண்வெட்டி பிடித்தவர்கள். நாம் நாள்தோறும் பேனா பிடிப்பவர்கள். தசைநாண் அறுதல் பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட, என்றோ ஒருநாள் விளையாடும் ஆடவரிடையே நிகழ்வதென வைத்தியர் கூறுவர். பழைய மாணவர் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலையே அவர்கள் படிக்கின்றனரோ என்று தோன்றும்.

செய்யவேண்டியது இவ்வளவே. ஐந்து நிமிடம் மெல்லோட்டம். பின் முழங்காலை உயர்த்தி நடத்தல், கால்களை முன்பின் வீசல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல். இறுதியில் இரண்டு மூன்று குறு ஓட்டங்கள், ஒன்றைவிட ஒன்று சற்று விரைவாக. நாம் படித்த காலத்து டிறிலிற்போலக் குனிந்து கால்விரலைத் தொட்டு நெடுநேரம் நிற்றல் ஓட்டத்துக்கு முன் வேண்டாம். அது தசையின் வேகத்தைச் சற்றுக் குறைக்குமென இப்போது அறிகின்றோம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 15 பயிற்சிகள் கொண்ட 20 நிமிட முறையொன்றை வகுத்துள்ளது. நோர்வேயின் இளம் வீராங்கனைகளிடையே நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், அதனைக் கைக்கொண்ட அணிகளிற் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன.

இதனாற் காயமே வராதென நாம் சொல்லவில்லை. ஆண்டு முழுதும் நடவாத காலைப் பதினைந்து நிமிடம் காப்பாற்றிவிடாது. விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே கல்லடிப் பாலத்தில் மாலை நடையைத் தொடங்குவோர் புத்திமான்கள்.

சங்கத்தாருக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. நிகழ்ச்சி நிரலிலே பழைய மாணவர் ஓட்டத்துக்கு முன் "உடலைச் சூடேற்றல், 15 நிமிடம்" என்று அச்சிடுக. கல்லூரியின் விளையாட்டு ஆசிரியரே முன்னின்று நடத்துக. அதிற் கலந்துகொள்ளாதவரின் பெயரை ஓட்டத்திலிருந்து நீக்குக. அவர் சங்கத்தின் தலைவரேயாயினும் விதிவிலக்கு வேண்டாம். சூடேறிய உடல் சும்மா இருந்தால் சிறிது நேரத்திற் குளிர்ந்துவிடும். ஆதலின் பிரதம விருந்தினரின் உரையை அதற்கும் ஓட்டத்துக்கும் இடையில் வையாது, முன்னதாகவே வைத்துக்கொள்க.