ஃபாரம் வாங்கி பீரோவுல பூட்டவா?

மக்களே, கொஞ்சம் சூடான பதிவு.

ஸ்கூல் ஸ்கூலா மனநல ஸ்கிரீனிங் வேணும்னு யார் சொன்னாலும் கை தட்டுறோம். வேணாங்கல. கேட்கிறதாலயே சாவு எண்ணம் வந்துடும்ங்கிறதும் கட்டுக்கதைதான். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஃபாரம் வாங்கின பிறகு?

பி.எச்.கியூ-9 கேள்வித்தாளையே எடுத்துக்குங்க. 9 கேள்வி, மொத்தம் 27 மார்க். கடைசிக் கேள்வி, செத்துடலாம்னு தோணுதாங்கிறது. ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணு அதுல 'கிட்டத்தட்ட தினமும்'னு டிக் அடிக்குது. அன்னிக்கே அதைப் படிக்க ஆள் யாரு?

பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, அலாரம் வெச்சாச்சு, எந்திரிச்சுப் பார்க்க ஆள் போடல. சர்வர் கோவிச்சுக்காது. சொல்லியும் யாரும் வரலைன்னா அந்தப் பொண்ணு இன்னொரு தடவை சொல்லாது.

2016-ல அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு, 12-லேர்ந்து 18 வயசு வரைக்கும் மனச்சோர்வு ஸ்கிரீனிங் பண்ணச் சொன்னப்பவே, சரியா நோயறியவும், சிகிச்சை தரவும், தொடர்ந்து கவனிக்கவும் ஏற்பாடு இருக்கணும்னு சேர்த்துத்தான் சொல்லுச்சு. நாம ஃபாரத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்கிறோம்!

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்புப்படி, 13-17 வயசுல 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை. அந்த வயசுல 1000 பேர் படிச்சா சுமார் 73 பேர். ஒரு பி.டி. வாத்தியார் பார்த்துக்கிற வேலையா இது?

முதல்ல கவுன்சிலர், அப்புறம் ஃபாரம். 9-வது கேள்விக்கு அன்னிக்கே, தனியா, நேர்ல பேச்சு. அதுக்குக் காசில்லைன்னா, புள்ளைங்ககிட்ட கேள்வியே கேட்காதீங்க சாமி.

(24 மணி நேர இலவச டெலி மனஸ்: 14416. புள்ளைங்க நோட்டுல எழுதிக் குடுங்க.)