யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

ஆகாய மார்க்கமாய்ச் சென்னைக்கும் மதுரைக்கும் சுமார் 415 கிலோமீட்டர்; யாழ்ப்பாணத்துப் பலாலிக்கோ சுமார் 355 தான். ஏறக்குறைய ஒன்றேகால் மணியில் விமானம் சேர்ப்பித்துவிடும். ஆயினும் பல்லாண்டு அடைபட்டிருந்த இம்மார்க்கம் 2019 நவம்பரில்தான் திறந்தது. கொள்ளைநோயை முன்னிட்டு 2020 மார்ச்சில் மூடப்பட்டது. பிரயாணிகளுக்குக் கொழும்பு 2021-லேயே திறக்கப்பட்டும், பலாலி 2022 டிசம்பர் வரை காத்துக் கிடந்தது. அதுவரை யாழ்ப்பாணத்தார் சென்னை வரச் செய்தது யாது? சுமார் 400 கிலோமீட்டர் தரை வழியே தெற்கு நோக்கிச் சென்று, கொழும்பில் விமானமேறி, வந்த திசைக்கே வடக்கு நோக்கித் திரும்பினர்! நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் இதுவே கதி. இந்தக் கோணல் வழியைக் கடல் விதிக்கவில்லை. சர்க்கார்களின் அசட்டையே விதித்தது. எக்காரணத்தாலேனும் சேவை நிற்குமாயின், கொழும்பு திறக்கும் அன்றே பலாலியும் திறக்கப்படுமென்று இரு சர்க்கார்களும் எழுத்து மூலம் உறுதி கூற வேண்டுமென நாம் கோருகிறோம்.