தொண்டூழியத்துக்கும் செலவு உண்டு

“குடிமக்கள் அறிவியல் என்றால் தொண்டூழியர்கள்தாமே? அதற்கு எதற்குப் பணம்?” என்று நண்பர் ஒருவர் வினவினார். அவரும் ஆசிரியர். அதனால்தான் இப்பதிவு.

2001ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையை மண்ணிட்டு நிரப்பத் திட்டமிருந்தது. தொண்டூழியர்கள் ஆய்வாளர்களோடு சேற்றில் இறங்கி உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். அந்த டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 2010 முதல் 2015 வரை நடந்த விரிவான கடல்வாழ் உயிரினக் கணக்கெடுப்பிலும் நூற்றுக்கணக்கானோர் உழைத்தனர். உழைப்பு இலவசம், படகும் மாதிரிப் புட்டிகளும் வகை பிரித்தறியும் வல்லுநரும் இலவசமல்லவே! நன்கொடையாளர்கள் பணம் தந்தார்கள், கணக்கெடுப்பு நடந்தது.

நிற்க. பூன் லேயில் என் மாணவி ஒருத்தியின் பாட்டி, தம் புளோக்கின் எதிரேயுள்ள மரத்தில் மாலைதோறும் அடையும் மைனாக்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார். கிளைகளை வெட்டியபின் அவை எந்த மரத்துக்கு மாறின, மழைக்காலத்தில் எப்போது வந்தடைகின்றன, எல்லாம் அவருக்கு அத்துபடி. (நாம் தொல்லை என்று விரட்டும் ஜாவா மைனா, தன் தாயகமான ஜாவாவில் அருகிவரும் பறவை என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.) பேத்தியுடன் ஒரு கணக்கெடுப்புப் பயிற்சிக்குச் சென்றார். விளக்கமும் படிவமும் ஆங்கிலத்தில். ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். அவர் அறிந்தது எந்தத் தரவிலும் இல்லை.

2021 முதல் 2025 வரையிலான ஆய்வு, புத்தாக்கத் திட்டத்துக்குச் சிங்கப்பூர் தொடக்கத்தில் ஒதுக்கியது ஏறத்தாழ 25 பில்லியன் வெள்ளி. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் மக்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வு ஒவ்வொன்றின் வரவுசெலவிலும் அந்த மக்களுக்கென்று தனி வரி ஒன்று வேண்டாமா? பயிற்சியாளர் ஊதியம், பேருந்துக் கட்டணம், தாய்மொழியில் வழிகாட்டி, எண்ணியவர்களிடமே முடிவைக் கொண்டுவந்து சொல்லும் செலவு. கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்துவிட்டால் மக்கள் பங்கேற்பு முடிந்தது என்று கருதுவோரிடம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. செயலியைத் திறக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே குடிமக்களா?

அதிகாரத்துவ மொழிகள் நான்கு என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். தமிழில் பறவைப் பெயர்ப்பட்டியல் ஒன்றை என் வகுப்பு கையாலேயே எழுதி வருகிறது. நகலெடுக்கும் செலவு என் பையிலிருந்து. இப்படித் தனியொருவர் பையை நம்பி எத்தனை நாள் ஓடும்?

நண்பர் இன்னும் ஒப்பவில்லை. பாட்டியின் மரத்தடிக்கு அழைத்திருக்கிறேன். மாலை ஆறரைக்கு வந்தால் அந்த இரைச்சலில் எங்களால் வாதாடவும் முடியாது.