எண்ணெய் எங்கே போகிறது?



அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்ற இருக்கன்குடியிலிருந்து சாத்தூருக்கும், சாத்தூரிலிருந்து சிவகாசிக்கும் செல்லும் சாலைகளில் நாள்தோறும் விரையும் சிறு வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். பால் கேன், காய்கறி மூட்டை, துணிப்பொதி என ஒரு குடும்பத்தின் பிழைப்பே அவற்றின் மீது ஏறிச் செல்கிறது. தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குச் செல்வோரும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரும் சகோதரிகளும் அவற்றையே நம்பியுள்ளனர். அத்தகைய வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். அது அடிக்கடி நின்றுபோவதற்கான காரணங்களுள் ஒன்றையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

"வண்டி ஆயில் குடிக்கிறது" என்று நம் பகுதியில் சொல்வதுண்டு. ஆனால் அந்த எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்று கேட்போர் சிலரே. வழி தெரியாமல் எஞ்சினைப் பிரிப்பது, நோய் இன்னதென்று அறியாமல் அறுவைச் சிகிச்சை செய்வதற்கு ஒப்பாகும்.

பழைய பழக்கம், புதிய எஞ்சின்

1980ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, தமிழகத்துச் சிற்றூர்களின் போக்குவரத்தையே மாற்றியது. அதுவும் அக்காலத்து பஜாஜ் சேட்டக்கும் 'டூ ஸ்ட்ரோக்' என்னும் இருவீச்சு வகையின. அவ்வகையில் பெட்ரோலுடன் கலந்து செல்லும் எண்ணெய், எஞ்சினின் உள்ளுறுப்புகளை நனைத்துவிட்டுத் தானும் எரிந்து புகையாக வெளியேறும். ஆகவே, எண்ணெய் தீர்வதும் புகை வருவதும் அதன் இயல்பு.

2001இல் ஹோண்டா ஆக்டிவாவும், 2015இல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியும் நான்கு வீச்சு எஞ்சினுடன் வந்தன. 2017 ஏப்ரலில் நான்காம் நிலை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்ததையொட்டி, இருவீச்சு வண்டிகள் புது விற்பனையிலிருந்து மறைந்தன. வண்டி மாறிவிட்டது. ஆனால், "எண்ணெய் குறைந்தால் என்ன, சற்றுப் புகைந்தால் என்ன?" என்ற பழைய எண்ணம் பலரிடம் மாறவில்லை.

நான்கு வீச்சு எஞ்சினில் எண்ணெய் எரியக்கூடாது. அது அடித்தட்டில் தங்கி, பம்பினால் மேலேற்றப்பட்டு, உறுப்புகளை நனைத்து, மீண்டும் அடித்தட்டுக்கே திரும்ப வேண்டும். பெரும்பாலான சிறு ஸ்கூட்டர்களில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெயே. அதில் கால் லிட்டர் குறைந்தாலும் பெருங்குறைவாகும். சிறிதளவு தீர்வது எந்த எஞ்சினுக்கும் உண்டு. எனினும், அடுத்த முறை ஆயில் மாற்றும் தவணைக்குள் அளவு கீழ்க்கோட்டைத் தொடுமாயின், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

முதலில் அளவு

வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் சில நிமிடம் பொறுத்து, அளவுக்குச்சியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் நுழைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியுடன் தரப்பட்ட கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். சாய்வு ஸ்டாண்டில் பார்த்த அளவு பொய்யளவு.

மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. மிகையான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குள் சென்று, அங்கிருந்து எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். குறைவைத் தீர்க்க நினைத்துப் புகையைத் தேடிக்கொண்டதாக முடியும். ஊற்றாமலேயே அளவு உயர்ந்து, குச்சியில் பெட்ரோல் வாடை வீசினால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது என்று பொருள். அவ்வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குத் தள்ளிச் செல்வதே நலம்.

வெளியே கசிகிறதா?

எண்ணெய் குறைய இரண்டே வழிகள் உண்டு. ஒன்று வெளியே கசிய வேண்டும். அல்லது உள்ளே எரிய வேண்டும். கசிவை முதலில் பார்ப்பதே முறை. அதற்குச் செலவில்லை.

எஞ்சின் ஆறியபின் நன்கு துடைத்து, இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் துளி விழுந்த இடம் தெரியும். ஆனால் துளி விழும் இடமே கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். நம் கரிசல் பூமியின் புழுதி எண்ணெய்ப் பசையில் ஒட்டிக் கறுத்திருக்கும். அந்தக் கறையைப் பின்தொடர்ந்து மேலே செல்லுங்கள். அது முடியும் உச்சியே கசிவின் ஊற்று. வால்வு மூடியின் கேஸ்கட், ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர், சிலிண்டரும் ஹெட்டும் சேருமிடம், கிராங்க் தண்டின் ஆயில் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள்.

ஸ்கூட்டரின் பின்சக்கர டிரம் அருகே எண்ணெய் தென்பட்டால் அது கியர்ப்பெட்டியின் எண்ணெயாக இருக்கலாம். எஞ்சின் எண்ணெய் வேறு, அது வேறு. பிரேக் கட்டையில் அது படிந்தால் பிரேக் பிடிக்காது. இதனை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

புகை சொல்லும் செய்தி

கசிவே இல்லை, ஆயினும் எண்ணெய் குறைகிறது எனில், அது எரிகிறது. சைலன்சரைப் பாருங்கள். கரும்புகை பெட்ரோல் மிகுதியால் வருவது. குளிர்ந்த காலையில் தோன்றி மறையும் வெண்புகை நீராவி. எண்ணெய்ப் புகை நீலம் தோய்ந்திருக்கும். வாடையும் காரமாக இருக்கும்.

அந்த நீலப்புகை எப்போது வருகிறது என்பதே முக்கியம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் இயக்கியதும் குப்பென்று வந்து, சிறிது நேரத்தில் அடங்கினால், வால்வு சீலையே முதலில் ஐயுற வேண்டும். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் சீல் இறுகிப்போனால், மேலே தங்கிய எண்ணெய் இரவில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். பாலத்தின் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, மீண்டும் முறுக்கும்போது புகை வந்தாலும் அதே ஐயந்தான். மாறாக, ஏற்றத்திலும் சுமையிலும், முறுக்கும் நேரமெல்லாம் விடாது புகை வந்தால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி எண்ணெய் ஈரத்துடன் கறுத்திருக்கும். உலர்ந்த கரி மட்டும் எனில் அது பெட்ரோல் கோளாறு.

வால்வா, ரிங்கா?

"இழுவை இல்லை, கிக்கர் இலேசாக இறங்குகிறது" என்றால் எஞ்சின் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்தறிய வேண்டும். மெக்கானிக்கிடம் பிளக் துளையில் பொருத்தும் அழுத்தமானி இருக்கும். முதலில் அப்படியே அளக்க வேண்டும். பின் அத்துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாம் முறை அழுத்தம் நன்கு கூடினால் குறை ரிங்கில். விட்ட எண்ணெய் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததே கூடியதற்குக் காரணம். கூடவில்லையெனில் குறை பெரும்பாலும் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். எண்ணெய் அங்கே அடைக்க இயலாது.

இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிளக் துளை வழியே காற்றடித்துக் காதால் கேட்பது மற்றொரு முறை. சைலன்சரில் காற்றொலி வந்தால் புகைபோக்கி வால்வும், கார்புரேட்டர் பக்கம் வந்தால் உள்ளிழுக்கும் வால்வும், ஆயில் ஊற்றும் துளையில் வந்தால் ரிங்கும் பழுது. இவற்றைப் பழகிய கைகளே செய்ய வேண்டும். நம் வட்டாரத்திற்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: பட்டாசோ, மருந்தோ, தீக்குச்சியோ வைத்திருக்கும் இடத்தருகே எஞ்சினைத் திறந்தோ இயக்கியோ சோதித்தல் கூடவே கூடாது.

சத்தம் தரும் வால்வு, சத்தமற்ற வால்வு

எஞ்சின் தலைப்பகுதியில் 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டவுடன் டேப்பட்டை இறுக்கச் சொல்வது நம் வழக்கம். சற்றுப் பொறுங்கள். பம்பிலிருந்து தொலைவில், உச்சியில் இருப்பது வால்வை இயக்கும் கேம் தண்டு. எண்ணெய் குறைந்தால் வறட்சியை முதலில் உணரும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று. ஆகவே ஒலி கேட்டால் முதலில் எண்ணெயைப் பாருங்கள், டேப்பட் பிறகு.

இடைவெளி மிகுந்தால் சத்தம் வரும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆபத்து பின்னதில்தான் அதிகம். நாளடைவில் வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்து வால்வு மேலேறும், இடைவெளி சுருங்கும். சூட்டில் உலோகம் விரியும்போது வால்வு முழுமையாக மூடாது. காலையில் எளிதாக இயங்கும் வண்டி, சூடேறியபின் நிறுத்தினால் இயங்க மறுக்கும், சிக்னலில் அணையும். அப்படியே ஓட்டினால் வால்வின் விளிம்பு கருகும். இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. கையேட்டில் உள்ள அளவுப்படி, குளிர்ந்த எஞ்சினில், தகட்டுமானி கொண்டே அதனை வைக்க வேண்டும். காதளவு போதாது.

பட்டறையில் என்ன சொல்வது?

வால்வு சீலின் விலை சொற்பம். அதற்கும் ஹெட்டைக் கழற்றும் கூலி உண்டு. சிலிண்டரைப் போர் செய்து பிஸ்டன் மாற்றுவதோ சில ஆயிரங்களை விழுங்கும். முதலாவது போதுமான இடத்தில் இரண்டாவதைச் செய்வது குடும்பத்தின் பணத்தைப் புகைப்பதாகும். இரண்டாவது தேவைப்படும் இடத்தில் கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையை மறைப்பதும் தீர்வன்று. ஓடும் வழியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே, "ஆயில் குடிக்கிறது" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவராதீர்கள். எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு குறைந்தது, கசிவின் தடம் உண்டா, புகை எந்நேரத்தில் வருகிறது, சூட்டில் இயங்க மறுக்கிறதா ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிரிப்பதற்கு முன் அழுத்தத்தை அளந்து காட்டும்படி பணிவுடன் கேளுங்கள். நல்ல தொழிலாளி இதனால் மகிழ்வார். அவர் வேலை பாதி முடிந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளவுக்குச்சியைப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒருவரிடம் ஒப்படையுங்கள். இரண்டு நிமிட வேலை. ஓர் எஞ்சினின் ஆயுள் அதில் அடங்கியிருக்கிறது.