ராமேஸ்வரத்தை ஒரே நாளில் முடிக்காதீங்க

1/ லீவு வந்தா ஓபியில அடிக்கடி கேட்கிற வாசகம்: "அப்பா அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறோம் டாக்டர், மாத்திரை எழுதித் தாங்க." தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா அறுபது வயசு தாண்டினவங்களை அந்த "ஒரே நாள் டூர்"ல மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. காரணம் சொல்றேன்.

2/ ஒரு நாள் டூர் எப்படி இருக்கும்? ராத்திரி முழுக்க வேன்ல உட்கார்ந்தபடியே பயணம். விடியக்காலை ஸ்படிக லிங்க தரிசனம். அப்புறம் அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், ஈரத்துணி மாத்தி மறுபடி தரிசனம். உச்சி வெயில்ல தனுஷ்கோடி. வர்ற வழியில கலாம் நினைவிடம். சாயங்காலம் திரும்ப வேன். முப்பது வயசுக்காரருக்கே இது தாங்காது.

3/ முதல் ஆபத்து, லோ சுகர். கிளிமிப்பிரைட் மாதிரி மாத்திரை அல்லது இன்சுலின் போட்டுட்டு, "தரிசனம் முடிச்சுட்டு சாப்பிடலாம்"னு இருந்தா சர்க்கரை இறங்கிடும். வியர்க்கும், நடுங்கும், பேச்சு குழம்பும். ஆனா தலையில வாளி வாளியா தண்ணி ஊத்தின ஒருத்தர்கிட்ட வியர்வை எப்படித் தெரியும்? நடுங்கினா "குளிர்"னு நினைச்சுக்குவோம். இதைத்தான் நான் ரொம்பப் பயப்படுறேன்.

4/ இரண்டாவது, கால். பல வருஷ சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்துல சூடு உறைக்காது. வெறுங்கால்ல வெயில் ரோட்டுலயும் மணல்லயும் நடப்பாங்க, வலிக்காது. ராத்திரி பார்த்தா கொப்புளம். அது புண்ணாகி, விரலை எடுக்கிற நிலைமை வரைக்கும் போகலாம்.

5/ மூன்றாவது, தண்ணி. "வழியில பாத்ரூம் கிடைக்காது"ன்னு நம்ம அம்மாக்கள் தண்ணியே குடிக்க மாட்டாங்க. ராத்திரி தூக்கமும் இல்ல, வெயில் வேற. எழுந்து நிக்கும்போது தலை சுத்தும். ஈரக் கல்தரையில அந்த வயசுல விழுந்தா இடுப்பு எலும்பு முறிவுதான்.

6/ இது ஒரு தீவு, மறந்துடாதீங்க. ராமேஸ்வரத்துல அரசு மருத்துவமனை இருக்கு. ஆனா பெரிய சிகிச்சைன்னா ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சுமார் 55 கிலோமீட்டர். அரிச்சல்முனையில நெஞ்சுவலி வந்தா அதோட இன்னும் 20 கிலோமீட்டர் சேர்த்துக்குங்க. மாரடைப்புல ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசைதான் போகுது.

7/ "அந்தக் காலத்துல எல்லாரும் போய்ட்டுத்தானே வந்தாங்க?" போனாங்க, ஆனா இப்படிப் போகல. நடந்து போனவங்க வழியில சத்திரத்துல தங்கித் தங்கிப் போனாங்க. தனுஷ்கோடி போற வழியில இன்னிக்கும் முகுந்தராயர் சத்திரம்னு ஊர்ப்பேரே இருக்கு. 1914ல ரயில் பாலம், 1988ல ரோட்டுப் பாலம், 2025ல புது ரயில் பாலம் வந்துச்சு. பயணம் வேகமாச்சு. அம்மாவோட முழங்கால் வேகமாகல.

8/ "ரெண்டு நாள் தங்கினா செலவாகுமே?" ஆகும்தான். ஆனா கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா, ஆபரேஷன், படுக்கை, பார்த்துக்க ஒரு ஆள்னு மாசக்கணக்கில் போகும். கையில காசு கம்மின்னா இடங்களைக் குறைங்க, ஓய்வைக் குறைக்காதீங்க.

9/ என் யோசனை: முதல் நாள் போய்ச் சேர்ந்து தூங்குங்க. மறுநாள் காலையில கோயில் மட்டும். 22 தீர்த்தமும் கட்டாயம் இல்ல. முடியாதவங்க தலையில கொஞ்சம் தெளிச்சுக்கிட்டாலும் சாமி கோவிச்சுக்காது. மூணாம் நாள் வெயிலுக்கு முன்னாடி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல்ல ஒரு ரயிலையே கடல் விழுங்கின இடம் அது. அரிச்சல்முனையில குளிக்க இறங்க வேண்டாம், கரையில நின்னு பாருங்க.

10/ பையில இருக்க வேண்டியது: மாத்திரைச் சீட்டு, குளுக்கோஸ், பிஸ்கட், ஓஆர்எஸ், தண்ணி, பிடிப்பான செருப்பு. விரதம் இருக்கணும்னா மாத்திரை அளவைக் கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களே நிறுத்தாதீங்க. குழப்பமாப் பேசினா உடனே சர்க்கரை கொடுங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம 108க்குப் போன் பண்ணுங்க. ராத்திரி டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் பாருங்க.

11/ அப்பா அம்மாவுக்கு அது வாழ்நாள் ஆசை. அதை வேன் டிரைவரோட டைம்டேபிளுக்குள்ள அடைக்காதீங்க. அந்த நீளப் பிரகாரத்துல அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடங்க.

டூர் பிளான் போடுற சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்பி வைங்க.