மலையும் முகிலும் விமானமும்: ஆராய்ச்சியில் எது முதல்?

1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி இரவு, நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த சப்த கன்னியர் மலையில் ஒல்லாந்து நாட்டு விமானமொன்று மோதிற்று. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரை புறப்பட்ட 182 பேரும் பணியாளர் 9 பேரும் மாண்டனர். கட்டுநாயக்காவை அண்மிவிட்டதாக விமானிகள் பிழைபட உணர்ந்து உயரத்தைக் குறைத்ததே காரணமென விசாரணை கண்டது. அவ்விரவை மறவாதோர் நம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் உளர்.

அதற்கு மூன்று நாள் முன்னரே, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு விமானம் அவ்வாறே மலையில் மோதி 92 உயிர்களைப் பலிகொண்டது. அந்நாட்டரசு தரை அண்மை எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கிற்று. ஆயின் அக்கருவி கீழ்நோக்கியே அளக்கும். எதிரே செங்குத்தாய் எழும் மலையைக் காலத்தோடு அறியாது. செய்மதி காட்டும் இடநிலையை நிலவுயரப் பதிவோடு ஒப்பிடும் கருவி 1990களில் வந்த பின்னரே அக்குறை பெரிதும் நீங்கிற்று.

செல்வ நாடுகள் ஆராயட்டும், நாம் வாங்குவோம் என்பாரும் உளர். எந்திரத்தையும் இறக்கையையும் பொறுத்தவரை அதனை நாமும் ஒப்புவோம். ஆயின் எல்லாம் விலைக்குக் கிடைப்பனவல்ல. காந்த நடுக்கோடு நம் தீவுக்கு அண்மையிற் செல்கின்றது. அதனருகே, மாலை மறைந்தபின் வானத்து மின்மண்டலம் கொந்தளித்துச் செய்மதிச் சைகைகளைக் குலைப்பதுண்டு. மேலைநாட்டார் தம் வானுக்கு வகுத்த திருத்தக் கணக்கு ஈண்டு அப்படியே பொருந்தாது. இதனை உணர்ந்தே இந்தியா, 'ககன்' முறையை அமைக்கையில் தன் வானைத் தானே அளந்தது. 2015இல் அம்முறை, விமானம் இறங்குகையிலும் வழிகாட்டத் தகுதி பெற்றது.

ஆதலின், பிறர் நமக்காகச் செய்யாதது எதுவோ அதற்கே அரசு முதலிடம் வழங்குதல் வேண்டும். மலைநாட்டு முகிலையும் காற்றையும் இரு பருவங்களிலும் அளத்தல், மலைமுடிகளினதும் கோபுரங்களினதும் உயரத்தைப் பிழையறப் பதிந்து புதுப்பித்தல், நம் வானின் மின்மண்டலத்தை இடையறாது கவனித்தல் என்னும் மூன்றுமே அவை. விமானம் கட்டுவதற்கு வேண்டும் பெரும்பொருள் இவற்றுக்கு வேண்டா. நீடித்த பொறுமையும் பயிற்சியுமே வேண்டும்.

அளவுக் கருவிகளை நுவரெலியா, அட்டன் பகுதிப் பாடசாலைகளிலும் நிறுவலாம். தோட்டத்து லயத்திற் பிறந்த மாணவன் தன் மலையின் முகிலை நாள்தோறும் குறித்துவைப்பின், அக்குறிப்பு என்றோ ஓரிரவில் முன்பின் அறியாத பயணிகளைக் காக்கக் கூடும். அரச பதவிகளில் அமர்ந்துள்ள நம் பழைய மாணவர் இதனை உரிய இடத்தில் எடுத்துரைப்பாராக. கல்லூரி அன்னைக்கு இவ்விழாவில் நாம் அளிக்கும் காணிக்கை அதுவாகட்டும்.